எல்லோரும் பயன்கொள்ளும் கொள்முதல்

கொள்முதல் என்னும் சொல் நம்மவர்க்குப் புதியதன்று. நெல் கொள்முதல் நிலையத்தின் வாயிலில் மூட்டைகளோடு இரவெல்லாம் காத்திருந்தவர்கள் நம் குடும்பங்களில் பலர். ஆயினும் இப்பாடத்தில் நாம் எடுத்துக்கொண்டது விற்போர் பக்கமன்று, வாங்குவோர் பக்கம். ஒரு பள்ளி, ஓர் அலுவலகம், ஓர் அறக்கட்டளை, ஒரு போக்குவரத்துக் கழகம் ஆகியவை தமக்கு வேண்டிய பொருள்களையும் பணிகளையும் எம்முறையில் வாங்குகின்றன, அவ்வாறு வாங்கும்போது மாற்றுத்திறனாளிகள் எவ்வாறு விடுபட்டுப் போகின்றனர், விடுபடாமல் வாங்குவதற்கு வழி யாது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன. ஆசிரியப் பணியிலும் அரசுப் பணியிலும் இருப்போர், வணிகம் நடத்துவோர், பொது நிறுவனங்களில் பொறுப்பு வகிப்போர் எனப் பலரும் இவ்விதழைப் படிக்கின்றனர். அவர்களுள் ஒருவரேனும் என்றேனும் ஒரு விலைப்புள்ளியில் கையொப்பம் இட்டிருப்பார். ஆதலால் இது நமக்குத் தொலைவில் உள்ள பொருளன்று.

இப்பொருளை நாம் நூல்களைப் புரட்டித் தேர்ந்துகொள்ளவில்லை. நாமே செய்த ஒரு பிழைதான் இதற்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி நிறுவனத்தின் கொள்முதல் குழுவில் நாம் அங்கம் வகித்தோம். அலுவலகக் கணக்குகளை எழுதப் பழைய மென்பொருளுக்குப் பதிலாகப் புதியதொன்று வாங்க வேண்டியிருந்தது. முறைப்படி மூன்று விலைப்புள்ளிகள் பெற்றோம். விலை, வரி, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம், பயிற்சி நாள்கள், உத்தரவாதக் காலம் என 14 பத்திகள் கொண்ட ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தோம். குறைந்த விலை சொன்னவர் அடுத்தவரைவிட 9,000 ரூபாய் குறைத்திருந்தார். ஐவரும் கையொப்பம் இட்டோம். நிறுவனத்தின் பணத்தைச் சிக்கனமாகச் செலவிட்டோம் என்ற நிறைவோடு தேநீர் அருந்தி எழுந்தோம்.

அவ்வலுவலகத்தில் 22 ஆண்டுகள் பணியாற்றிய கணக்கர் ஒருவர் இருந்தார். இடையில் அவருக்குப் பார்வை படிப்படியாகக் குறைந்து, எழுத்து தெரியாத நிலை வந்துவிட்டது. எனினும் அவர் பணியில் தளரவில்லை. திரையில் உள்ள எழுத்துகளைக் குரலாகப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளைக் கற்றுக்கொண்டு, காதில் கேட்பியை அணிந்து, விசைப்பலகையை மட்டும் பயன்படுத்திச் சம்பளப் பட்டியல் முழுவதையும் பிழையின்றி முடித்து வந்தார். (அவர் பயன்படுத்திய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் விலையின்றிக் கிடைப்பது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இளைஞர் இருவர் 2006-இல் தொடங்கிய பணியின் விளைவு அது.)

புதிய மென்பொருள் வந்தது. அதில் எல்லா வேலைகளும் சுட்டியைக் கொண்டே செய்யத்தக்கனவாக இருந்தன. பொத்தான்கள் யாவும் பெயரிடப்படாத படங்கள். அவர் காதில் "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்பதைத் தவிர வேறொன்றும் விழவில்லை. எந்தப் பொத்தான் சேமிப்பது, எந்தப் பொத்தான் அழிப்பது என்று அறிய வழியில்லை. விற்ற நிறுவனத்தைக் கேட்டோம். "தங்கள் கொள்முதல் ஆணையில் அத்தகைய நிபந்தனை எதுவும் இல்லையே" என்று பணிவாகவே விடை வந்தது. அவர்கள் சொன்னது மெய். மாற்றித் தரக் கேட்ட தொகையோ நாம் மிச்சப்படுத்திய 9,000 ரூபாயைப்போல் பல மடங்கு. நான்கு மாதம் பக்கத்து இருக்கைக்காரரின் கண்ணை இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு, தம்மை அஞ்சல் அனுப்பும் பிரிவுக்கு மாற்றிவிடுமாறு அவரே எழுதிக் கொடுத்தார். யாரும் அவரை இழிவாகப் பேசவில்லை, யாரும் வெளியேற்றவில்லை. நம் ஐவர் கையொப்பமே அவரை அவருடைய வேலையிலிருந்து அகற்றிவிட்டது.

நமது ஒப்பீட்டுப் பட்டியலில் 14 பத்திகள் இருந்தன. 15-ஆவதாக ஒரு பத்தி இருந்திருக்க வேண்டும். அப்பத்தியைப் பற்றியதே இப்பாடம்.

அணுகல்தன்மை என்பது யாது

ஒரு பொருளை, இடத்தை, பணியை உடற்குறையோ புலன்குறையோ உள்ள ஒருவர் பிறர் துணையை வேண்டி நிற்காமல், ஏனையோரைப் போலவே பயன்படுத்த முடியுமாயின் அதற்கு அணுகல்தன்மை உண்டு என்கிறோம். தொடக்கத்திலேயே இயன்றவரை எல்லோர்க்கும் பொருந்துமாறு ஒன்றை வடிவமைப்பதைப் பொதுவடிவமைப்பு என்பர். ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையில் இச்சொல்லுக்கு விளக்கம் தரப்பட்டுள்ளது. இந்தியா அவ்வுடன்படிக்கைக்கு 2007-இல் ஒப்புதல் அளித்தது.

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அதனை 21 வகைகளாக விரித்தது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம். கண்புரையால் மங்கலாகக் காணும் பாட்டியும், முழங்கால் தேய்ந்து படியேற இயலாத பெரியவரும் கணக்கெடுப்பாளரிடம் தம்மை இவ்வரிசையில் சொல்லிக்கொள்வது அரிது. ஆகவே உண்மையில் பயன்பெறுவோர் இவ்வெண்ணிக்கையினும் மிகுதியானவர் என்று கொள்வதே பொருந்தும்.

விலைக்கு முன் நிற்பது

பொதுக் கொள்முதலில் "குறைந்த விலைக்கே தரவேண்டும், நம் கையில் என்ன இருக்கிறது?" என்று அலுவலர்கள் சொல்வதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சட்டத்தைச் சற்று ஊன்றிப் படித்தால் நிலைமை வேறு. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. குறைந்த விலைப்புள்ளியை ஏற்க வேண்டும் என்று அது கூறுவது உண்மையே. ஆனால் எது குறைந்தது என்பதை ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் முன்னரே குறிப்பிட்ட, அளந்தறியத்தக்க காரணிகளை வைத்தே முடிவுசெய்ய வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளது. அதாவது, கேட்ட தரத்தை நிறைவு செய்பவர்களுக்குள்தான் விலைப் போட்டி. தரக்குறிப்பை எழுதும் மேசையில் அணுகல்தன்மை இடம்பெற்றுவிட்டால், அதற்குப் பின் எவ்வளவு கடுமையாக விலையைக் குறைத்தாலும் அது விலகிப் போகாது. அங்கே இடம்பெறவில்லையாயின், பின்னர் எத்துணை நல்லெண்ணம் இருந்தும் பயனில்லை.

எழுதும்போதும் பொதுச் சொற்களால் எழுதுதல் போதாது. "சாய்தளம் அமைத்துத் தருக" என்று மட்டும் ஆணையிட்டால் கொல்லர் செங்குத்தாக ஓர் இரும்புத் தகட்டைச் சாய்த்து வைத்துவிட்டுப் போவார். அதில் சக்கர நாற்காலி ஏறாது; ஏறினால் பின்னோக்கிக் கவிழும். "ஒன்றுக்குப் பன்னிரண்டு என்னும் சரிவு" என்று எழுதினால், 30 சென்டிமீட்டர் உயரமுள்ள இரண்டு படிக்கு 360 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 12 அடி நீளம் வேண்டும் என்பது எவர்க்கும் விளங்கும். பிறகு இடம் போதுமா, வளைத்து அமைக்கலாமா என்ற பேச்சு வேலை தொடங்குமுன்பே எழும்.

பேருந்தின் தரை உயரம்

தரக்குறிப்பின் ஒரே ஒரு எண் எத்தனை பேரின் வாழ்வைத் தொடும் என்பதற்குச் சென்னை மாநகரப் பேருந்துகளின் வரலாற்றைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பேருந்துகளை அவற்றின் தரை நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதைக் கொண்டு வகைப்படுத்துவர். 900 மில்லிமீட்டர், 650 மில்லிமீட்டர், 400 மில்லிமீட்டர் என்பன அவ்வகைகள். 900 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ மூன்று அடி. அதன் உள்ளே செல்லப் படிகள் வேண்டும். படிகள் இருக்குமிடத்தில் சக்கர நாற்காலிக்கு வழியில்லை. 400 மில்லிமீட்டர் உயரமுள்ள தாழ்தளப் பேருந்தில் வாயிலில் படியே இல்லை. மடிப்புப் பலகை ஒன்றை விரித்தால் நாற்காலியோடு உள்ளே சென்றுவிடலாம்.

உயரமான பேருந்தை வாங்கியபின் அதைத் தாழ்த்த முடியாதா என்று ஒருவர் வினவலாம். முடியாது. தரைக்குக் கீழே இயந்திரமும் அச்சும் ஆற்றலைச் செலுத்தும் தண்டும் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதே தரையின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. தாழ்தள வண்டியில் இயந்திரத்தைப் பின்புறம் தள்ளி, அடிச்சட்டத்தையே வேறு முறையில் அமைக்கிறார்கள். ஆகவே இது கொள்முதல் நாளில் மட்டுமே எடுக்கத்தக்க முடிவு. அன்று தவறினால் அவ்வண்டி பழுதாகிக் கழிக்கப்படும் வரை, பல ஆண்டுகள், அத்தடத்தில் காத்திருப்பவர்க்கு அது வெறும் காட்சிப் பொருளே.

இதை உணர்ந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை ஆர்வலர்கள், வண்டி ஓடத் தொடங்கிய பின்னரன்று, வாங்கும் கட்டத்திலேயே வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றத்தில் வைஷ்ணவி ஜெயக்குமார் அவர்கள் தொடர்ந்த பொதுநல வழக்கு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. தாழ்தளப் பேருந்துகளின் விலை மிகுதி, நகரின் சாலைகள் அவற்றுக்கு ஏற்றனவாக இல்லை, மழைக்காலத்தில் தேங்கும் நீரில் அவை ஓடா என்பன அரசுத் தரப்பின் வாதங்கள். இவ்வாதங்களை வெற்றுச் சாக்கு என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை; வடகிழக்குப் பருவமழையில் சென்னையைக் கண்டவர் யாரும் அவ்வாறு சொல்லார். ஆனால் சாலை கெட்டிருப்பது சாலையின் குறை. அதற்குரிய தண்டனையைச் சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர் ஏற்பதற்கு நியாயம் உண்டா என்பதே வழக்கின் உள்ளீடு. முடிவில் வாங்குவனவற்றுள் ஒரு பகுதி தாழ்தளமாக இருக்க, எஞ்சியவற்றை வேறு வகையில் வாங்க 2023-இல் நீதிமன்றம் இசைந்தது. 552 தாழ்தளப் பேருந்துகளுக்கு ஆணை வழங்கப்பட்டு, 2024 ஆகஸ்டு முதல் அவை சென்னைத் தெருக்களில் ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் நடைமேடைப் பக்கமாகச் சற்றே சாய்ந்து கொடுக்கும் வசதியும் அவற்றில் உண்டு. 2025 ஜூனில் மின்சாரத்தால் இயங்கும் தாழ்தளப் பேருந்துகளும் சேர்ந்துகொண்டன.

கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை என்பது மெய்யே. கிடைத்த பேருந்தும் நிறுத்தம் சீராக இல்லாத இடத்தில் நடுத்தெருவில் நின்றால் பலகையை விரிக்க இயலாது. விரிக்கப் பயிற்சி பெறாத பணியாளர் இருந்தால் பலகை இருந்தும் பயனில்லை. பேருந்தை வாங்குவோர் பயிற்சியையும் சேர்த்தே வாங்க வேண்டும். இவ்வண்டிகளில் ஏறுவோரைச் சிறிது நேரம் நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். கீரைக் கூடையோடு வருபவர், கைக்குழந்தை ஏந்தியவர், முழங்கால் வலியுள்ள முதியவர் எனப் பலரும் அப்படியில்லா வாயிலை வரவேற்கவே செய்கிறார்கள்.

வாங்குபவர் சொல்லுக்கு உள்ள வலிமை

பேருந்து கண்ணுக்குத் தெரியும் பொருள். மென்பொருளின் படி கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் கணக்கர் தடுக்கி விழுந்தது அத்தகைய படியில்தான். இத்துறையில் முதலில் வழிகண்டவர்கள் அமெரிக்கர் எனலாம்.

அந்நாட்டில் மறுவாழ்வுச் சட்டம் 1973-இல் வந்தது. அதில் 508 என்னும் பிரிவு 1986-இல் சேர்க்கப்பட்டது. அரசு வாங்கும் மின்னணுக் கருவிகள் மாற்றுத்திறனாளிகளுக்கும் பயன்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆயினும் மீறினால் கேட்பார் இல்லாததால் அது ஏட்டளவில் நின்றது. 1998-இல் அப்பிரிவு திருத்தப்பட்டுத் தரநிலைகள் வகுக்கப்பட்டன. 2001 ஜூன் முதல், அத்தரத்துக்கு ஒவ்வாத கணிப்பொறிக் கருவியையோ மென்பொருளையோ கூட்டாட்சி அரசுத் துறை வாங்கினால் மாற்றுத்திறனாளியான ஊழியரும் பொதுமக்களும் முறையிடலாம் என்ற நிலை ஏற்பட்டது. தாங்கொணாச் சுமை ஏற்படுமாயின் விலக்கு உண்டு. ஆனால் அச்சுமை எது என்பதை வாங்கும் துறையே எழுத்தில் காட்ட வேண்டும்.

இச்சட்டம் தனியார் உற்பத்தியாளர் எவரையும் நேரே கட்டாயப்படுத்தவில்லை. "நீ எப்படி வேண்டுமாயினும் செய்துகொள், நாங்கள் இப்படி இருந்தால்தான் வாங்குவோம்" என்று மட்டும் சொன்னது. அத்துணைப் பெரிய வாடிக்கையாளரை இழக்க எந்த வணிகர் துணிவார்? அரசுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என இரண்டு வகையாகச் செய்வது உற்பத்தியாளர்க்கு நட்டம். ஆதலால் அரசுக்காகச் செய்த திருத்தம் கடையில் வாங்கும் எல்லோரையும் சென்றடைந்தது. வணிகக் குடும்பத்தினர்க்கு இத்தருக்கத்தை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஐரோப்பிய நாடுகளும் இவ்வழியே சென்றன. 2005-இல் ஐரோப்பிய ஆணையம் பொதுக் கொள்முதலுக்கென்றே ஒரு தரநிலை வேண்டும் எனப் பணித்தது, 2014-இல் இ.என். 301 549 என்ற தரநிலை வெளிவந்தது. அதே ஆண்டில் வந்த பொதுக் கொள்முதல் நெறிமுறை, மனிதர் பயன்படுத்தும் எதனை வாங்கினும் தரக்குறிப்பிலேயே அணுகல்தன்மையைச் சேர்க்க வேண்டும், சேர்க்காவிடில் தக்க காரணம் காட்ட வேண்டும் என்றது. விதியையும் விலக்கையும் அது இடம் மாற்றி வைத்த நேர்த்தியை நாம் பாராட்டுகிறோம். அதற்குமுன் அணுகல்தன்மை கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது மறுப்பவர் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் ஐ.எஸ். 17802 என்னும் தரநிலை இரண்டு பகுதிகளாக 2021-இலும் 2022-இலும் வெளியிடப்பட்டது. மென்பொருள், இணையதளம், மின்னணு ஆவணம், கருவி ஆகியவற்றுக்கு உரியது இது. 2023-இல் மத்திய அரசு விதிகளைத் திருத்தி இதனைச் சட்டத்தோடு இணைத்தது. ஆகவே, "எந்த அளவுகோலைக் கேட்பது?" என்று திகைக்க இன்று நமக்குக் காரணமில்லை; எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுத் துறைகளோடு நிற்பதுமன்று. பொதுமக்களுக்குச் சேவை வழங்குவோர் அரசினராயினும் தனியாராயினும் அணுகல்தன்மை விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்று அதன் 46-ஆம் பிரிவு கூறுகிறது. எனினும் விதிகள் சில "செய்யலாம்" என்ற தொனியில் இருந்தமையால் தளர்ச்சி நிலவியது. பார்வையற்ற ரஜீவ் ரத்தூரி 2005-இல் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2017-ஆம் ஆண்டு விதிகளுள் 15-ஆம் விதியின் முதல் உட்பிரிவு சட்டத்துக்கு முரணானது எனத் தள்ளி, கட்டாயமாக நிறைவேற்றத்தக்க தரங்களை வகுக்குமாறு மத்திய அரசைப் பணித்தது.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 30 அன்று வந்த மற்றொரு தீர்ப்பு நம் பாடத்துக்கு இன்னும் அணுக்கமானது. வங்கி போன்றவற்றில் வாடிக்கையாளரை மின்னணு முறையில் அடையாளம் காணும்போது, திரைமுன் கண்ணிமைக்கும்படி மென்பொருள் கேட்கிறது. அமிலவீச்சுக்கு ஆளாகி இமைகள் சிதைந்துபோன ஒருவர் எங்ஙனம் இமைப்பார்? அத்தகையோரும் பார்வையற்றோரும் தொடுத்த வழக்குகளில், மின்னணுச் சேவைகளை அணுகுதல் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் கூறு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் கூறி, 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. மென்பொருளைத் தேர்ந்து ஏற்றவர்கள் கொடியவர்கள் அல்லர். உயிருள்ள மனிதரா, நிழற்படமா என்று கண்டறிய அவர்கள் ஒரு வழி தேடினார்கள். இமைக்க முடியாதவரும் கணக்குத் தொடங்க வருவார் என்பது அவர்கள் நினைவுக்கு வரவில்லை. நமது 15-ஆவது பத்தி அங்கும் விடுபட்டிருக்கிறது.

விற்கும் பக்கத்தில்

இதுகாறும் பயன்படுத்துவோரைப் பற்றியே பேசினோம். மாற்றுத்திறனாளிகள் பொருள் செய்பவராகவும் விற்பவராகவும் வரலாம் என்பதை மறத்தலாகாது. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தைத் தாளில் அச்சிட்டு, முத்திரையிட்டு, அதனை நிழற்படமாக எடுத்து இணையத்தில் ஏற்றுவது நம் அலுவலகங்களில் வழக்கமாகிவிட்டது. அப்படத்தில் எழுத்து இல்லை. திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள். படத்தில் கோணலாகத் தெரியும் எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சிட்டால்தான் உள்ளே விடுவோம் எனும் இணையதளமும், மின்தூக்கியில்லாத மாடியில் விலைப்புள்ளி விளக்கக் கூட்டம் நடத்தும் அலுவலகமும் அவ்வாறே. எழுத்து வடிவிலேயே ஆவணத்தை ஏற்றுவதற்குச் செலவு ஏதுமில்லை.

மாற்றுத்திறனாளிகள் செய்யும் பொருளை விரும்பி வாங்கும் முறைக்கும் நெடிய வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டு வாக்னர்-ஓடே சட்டம், பார்வையற்றோர் செய்த துடைப்பம் முதலியவற்றை அரசு வாங்க வழிசெய்தது. 1952 முதல் அந்நாட்டு அரசு அலுவலகங்களில் புழங்கும் ஸ்கில்கிராஃப்ட் பேனா பார்வையற்ற தொழிலாளர்கள் பூட்டிச் சேர்ப்பது. ஆனால் இவ்வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. அதே 1938-இல் வந்த வேறொரு சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலியினும் குறைவாகக் கொடுக்க இடமளித்தது. அரசு இத்திட்டத்தின்படி வாங்கும் ஒப்பந்தங்களில் அவ்வழக்கத்தைத் தடை செய்யும் விதி 2022-இல்தான் வந்தது. பரிவோடு வாங்குகிறோம் என்று மகிழ்வோர், செய்தவர்க்குக் கூலி என்ன சென்றது என்று கேட்டறிவதும் கொள்முதலின் பகுதியே.

எழுத வேண்டிய வரிகள்

நடைமுறைக்கு வருவோம். மென்பொருளோ இணையதளமோ வாங்க விலைப்புள்ளி கோரும் கடிதத்தில் பின்வருமாறு எழுதலாம்: "வழங்கப்படும் மென்பொருள் ஐ.எஸ். 17802 தரநிலைக்கு இணங்கியதாக இருத்தல் வேண்டும். எல்லாப் பணிகளும் சுட்டியின்றி விசைப்பலகையால் மட்டுமே செய்யத்தக்கனவாகவும், திரைவாசிப்பானால் படிக்கத்தக்கனவாகவும் இருத்தல் வேண்டும். விலைப்புள்ளி திறக்குமுன் எங்கள் அலுவலகத்தில் செயல்முறைச் சோதனை நடைபெறும். பின்னர் காணப்படும் குறைகளை உத்தரவாதக் காலத்தில் கட்டணமின்றித் திருத்தித் தருதல் வேண்டும்."

கடைசி இரண்டு வரிகளே உயிர்நாடி. முதல் வரிக்கு எல்லா விற்பனையாளரும் "இணங்குகிறோம்" என்று எழுதிவிடுவர். அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு படிவம் 2001 முதல் புழக்கத்தில் உள்ளது. அதையும் விற்பவரே தம் பொருளைப் பற்றி நிரப்புவதால், தம் மாம்பழம் புளிக்கும் என்று எழுதுவார் சிலரே. ஆகவே சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும் கண்ணுடையவராக இருத்தல் கூடாது. அன்றாடம் அம்முறையில் வேலை செய்பவராக இருக்க வேண்டும். அலுவலகத்தில் அத்தகையவர் இல்லையெனில் வெளியிலிருந்து அழைத்து, அவருடைய நேரத்துக்கு உரிய ஊதியம் கொடுக்கலாம். அதனை உபகாரமாகக் கேட்பது முறையன்று.

"எங்கள் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரும் இல்லையே, பிறகேன்?" என்ற வினாவை நாம் எதிர்கொண்டதுண்டு. நம் கணக்கர் பணியில் சேர்ந்தபோது அவருக்கும் பார்வை நன்றாகவே இருந்தது.

அம்மென்பொருளின் ஒப்பந்தக் காலம் இரண்டு ஆண்டுகளில் முடிந்தது. மறுபடியும் விலைப்புள்ளி கோரினோம். இம்முறை மேற்சொன்ன வரிகளை எழுதினோம். அக்கணக்கரைச் சிறப்பு அழைப்பாளராகக் குழுவில் அமர்த்தினோம். "சோதனை என்றால் யார் வருவார்கள்? விலை ஏறிவிடும்" என்று குழுவிலேயே இருவர் கவலைப்பட்டனர். நால்வர் வந்தனர். ஒவ்வொருவர் மென்பொருளிலும் ஒரு செலவுச் சீட்டைப் பதிந்து, வேண்டுமென்றே செய்த பிழையைத் திருத்தி, அச்சிட்டுக் காட்டுவது சோதனை. திரையை அணைத்துவிட்டோம். நேரம் அரைமணி. ஒருவர் நிபந்தனையைப் படித்ததும் விடைபெற்றுக்கொண்டார். இன்னொருவருடைய மென்பொருளில் கணக்கரால் நுழைவுப் பக்கத்தையே கடக்க முடியவில்லை. மூன்றாமவருடையது 20 நிமிடத்தில் முடிந்தது. நான்காமவருடையதில் அச்சிடும் பொத்தானுக்குப் பெயர் இல்லை. மூன்று வாரத் தவணை கேட்டுச் சென்று, அப்பொத்தானோடு மேலும் பலவற்றுக்கும் பெயரிட்டுக்கொண்டு வந்தார். அதற்கென அவர் தனிக் கட்டணம் கேட்கவில்லை. விலையை ஒப்பிட்டபோது அவரே குறைந்தவராக இருந்ததால் அவருக்கே ஆணை வழங்கினோம். நாம் முன்பு கொடுத்த விலையைவிட அது 4,000 ரூபாய் மிகுதி.

அடுத்த மாதச் சம்பளப் பட்டியலைக் கணக்கரே தயாரித்தார். ஓய்வுபெற அவருக்கு அப்போது 14 மாதங்கள் இருந்தன.